முதலாம் மகேந்திரவர்மன்

முதலாம் மகேந்திரவர்மன் (ஆட்சிக்காலம் ஏறத்தாழ கி.பி. 590 - 630) காஞ்சிபுரத்தைத் தலைநகராகக் கொண்டு தொண்டை நாட்டை ஆண்ட பல்லவ மன்னன் ஆவான். இவன் சிம்மவிஷ்ணுவின் மகனும், மாமல்லன் எனப் புகழ்பெற்ற முதலாம் நரசிம்மவர்மனின் தந்தையும் ஆவான். தமிழகத்தின் வட பகுதியில் கற்பாறைகளைக் குடைந்து கோயில் அமைக்கும் முறையைத் தொடங்கிவைத்தவனாகவும், சமசுகிருத நாடக ஆசிரியனாகவும் இவன் அறியப்படுகிறான். இவன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் ஓரங்க நகைச்சுவை நாடகம் காஞ்சிபுரத்தின் தெருக்களையும், அங்கிருந்த மதுக்கடை ஒன்றையும், குடிபோதையில் திரியும் துறவிகளையும் காட்டுகிறது. தன் தலைநகரின் குறைகளைத் தானே மேடையேற்றி நகைத்த மன்னன் என்ற வகையில் இந்திய வரலாற்றில் இவனுக்குத் தனி இடம் உண்டு.

காலமும் சான்றுகளும்

மகேந்திரவர்மனின் வாழ்க்கையைத் தொடர்ச்சியாகக் கூறும் வரலாற்று நூல் எதுவும் இவன் காலத்தில் எழுதப்படவில்லை. இவனைப் பற்றிய செய்திகள் நான்கு வகைச் சான்றுகளிலிருந்து பெறப்படுகின்றன. முதலாவது, இவன் குடைவித்த கோயில்களில் உள்ள கல்வெட்டுகள். இரண்டாவது, இவனது நாடகம். மூன்றாவது, பகைவரான சாளுக்கியரின் கல்வெட்டும், இவனுக்குப் பின் ஆண்ட பல்லவரின் செப்பேடுகளும். நான்காவது, பல நூற்றாண்டுகள் கழிந்தபின் எழுதப்பட்ட சமய இலக்கியம். இவற்றுள் முதல் இரண்டும் மன்னனின் சொந்தக் குரல் எனத் தக்கவை. ஏனையவை பிறர் கூற்றுகள் ஆதலால், அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டே பயன்படுத்த வேண்டியுள்ளது.

இவனது ஆட்சி தொடங்கிய ஆண்டு குறித்து ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. முன்பு கி.பி. 600 என்பதே பொதுவாக ஏற்கப்பட்டிருந்தது. செங்கம் பகுதியில் கண்டறியப்பட்ட நடுகற்கள் அக்கணக்கை மாற்றின. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் இவனது 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. தொறுப்பூசலில் இறந்த வீரன் ஒருவனுக்கும், அவனோடு நின்று கள்வரைக் கடித்துக் காத்த கோவிவன் என்னும் நாய்க்கும் எடுக்கப்பட்ட கல் அது. இத்தகைய நடுகற்களால் இவன் 30 ஆண்டுகளுக்கும் மேலாக ஆண்டான் என்பது உறுதியாயிற்று. ஆகவே ஆட்சித் தொடக்கம் கி.பி. 590ஐ ஒட்டியோ அதற்கும் முன்னரோ இருக்கலாம் என இப்போது கருதப்படுகிறது.

குடும்பமும் நாடும்

மகேந்திரவர்மனின் தந்தை சிம்மவிஷ்ணு சோழ நாட்டை வென்று காவிரி வரை பல்லவர் ஆட்சியை விரித்தவன் என்று பிற்காலச் செப்பேடுகள் கூறுகின்றன. தந்தை திருமாலை வழிபட்டவன் எனவும் அவற்றால் அறியப்படுகிறது. எனவே மகேந்திரவர்மன் அரியணை ஏறியபோது தெற்கே காவிரிக் கரையிலிருந்து வடக்கே தெலுங்கு நாடு வரை பரவிய அரசு ஒன்றைப் பெற்றான். தெற்கில் திருச்சிராப்பள்ளிக் குன்றிலும், வடக்கில் ஆந்திர நாட்டின் சேசர்லாவிலும் இவனது கல்வெட்டுகள் உள்ளன.

மாமல்லபுரத்தின் ஆதிவராகக் குடைவரையில் இரண்டு அரசர்களின் உருவங்கள் தேவியருடன் செதுக்கப்பட்டுள்ளன. அவற்றின் மேலுள்ள எழுத்துகள் சிம்மவிஷ்ணு, மகேந்திரன் என்னும் பெயர்களைத் தருகின்றன. இவ்வுருவங்கள் தந்தையையும் மகனையும் குறிப்பன என்று பலர் கருதுகின்றனர். அதே பெயர்களைக் கொண்ட பிற்காலப் பல்லவ மன்னர்களாக இருக்கலாம் என்ற மாற்றுக் கருத்தும் உண்டு.

இவன் காலத்துக் காஞ்சி சைவர், வைணவர், பௌத்தர், சமணர் ஆகிய பல சமயத்தாரும் வாழ்ந்த நகரமாக இருந்தது. இவனுக்குச் சற்றுப் பின்னர், ஏறத்தாழ கி.பி. 640இல், சீனப் பயணி யுவான் சுவாங் இப்பகுதியைப் பற்றி எழுதியபோது நூறு பௌத்த மடங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாகவும், எண்பது தேவர் கோயில்கள் இருந்ததாகவும், சமணர் மிகுதியாக வாழ்ந்ததாகவும் குறிப்பிட்டார். பிற்காலத்தில் பட்டு நெசவாலும் கோபுரங்களாலும் புகழ்பெற்ற இந்நகரில், மகேந்திரவர்மனின் நாளில் கற்கோயில்கள் இன்னும் எழவில்லை. கைலாசநாதர் கோயில் இவனுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் கட்டப்பட்டதாகும்.

சாளுக்கியரோடு போர்

மகேந்திரவர்மனின் ஆட்சியில் நேர்ந்த பெரும் இடர் சாளுக்கியப் படையெடுப்பாகும். வாதாபியைத் தலைநகராகக் கொண்ட இரண்டாம் புலிகேசி கி.பி. 610ஐ ஒட்டி அரசனானான். அவன் தக்காணத்தில் தன் ஆட்சியை நிலைநிறுத்தியபின் கிருட்டிணை ஆற்றை ஒட்டிய வேங்கி நாட்டைக் கைப்பற்றினான். பின்னர் தெற்கு நோக்கித் திரும்பினான்.

இப்போரைப் பற்றி இரு தரப்பாரும் தத்தம் வெற்றியையே பதிவு செய்துள்ளனர். கி.பி. 634-635இல் இரவிகீர்த்தி என்னும் புலவர் இயற்றிய அய்கொளெ கல்வெட்டு, புலிகேசியின் படை எழுப்பிய புழுதியில் மங்கிய பல்லவ மன்னன் காஞ்சியின் மதிலுக்குள் ஒடுங்கினான் என்று கூறுகிறது. இரண்டாம் நந்திவர்மனின் காசக்குடிச் செப்பேடோ, மகேந்திரவர்மன் புள்ளலூரில் தன் முதன்மைப் பகைவரை அழித்தான் என்கிறது. பகைவர் யார் என்பதை அச்செப்பேடு பெயர் சுட்டிக் கூறவில்லை.

புள்ளலூர் காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள சிற்றூர் ஆகும். 1780இல் ஐதர் அலியின் படைக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும்போர் நடந்ததும் இவ்வூரிலேதான். இரு சான்றுகளையும் இணைத்துப் பார்க்கும் வரலாற்றாசிரியர்கள், சாளுக்கியப் படை காஞ்சியின் அண்மை வரை வந்தது என்றும், தலைநகர் வீழவில்லை என்றும் முடிவு செய்கின்றனர். ஆயினும் வேங்கி நாடு பல்லவருக்கு மீளவில்லை. அங்கே புலிகேசியின் தம்பி விஷ்ணுவர்தனன் வழியில் கீழைச் சாளுக்கியர் என்னும் தனி அரச மரபு தோன்றியது.

விருதுப் பெயர்கள்

மகேந்திரவர்மன் தன் கல்வெட்டுகளில் இயற்பெயரைக் காட்டிலும் விருதுப் பெயர்களையே மிகுதியாகப் பொறித்தான். சமசுகிருதம், தமிழ், தெலுங்கு ஆகிய மொழிகளில் அவை அமைந்துள்ளன. அவற்றுள் குறிப்பிடத்தக்கவை:

விசித்திரசித்தன் - புதுமை நாடும் உள்ளம் உடையவன்
குணபரன் - நற்குணங்களைத் தாங்கியவன்
சத்துருமல்லன் - பகைவரோடு மற்போர் புரிபவன்
இலளிதாங்குரன் - அழகிய தளிர் போன்றவன்
அவனிபாசனன் - உலகைத் தாங்கும் கலம் போன்றவன்
சித்திரகாரப்புலி - ஓவியருள் புலி
சங்கீரணசாதி - இசை தொடர்பான பெயர் எனக் கருதப்படுவது
பகாப்பிடுகு - பிளக்க இயலாத இடி
மத்தவிலாசன் - களிப்பின் மயக்கில் விளையாடுபவன்

இறுதியாகக் குறிப்பிட்ட மத்தவிலாசன் என்பது அரசர் சூடும் விருதுகளுள் வழக்கத்துக்கு மாறானது. மத்த என்பதற்கு மது மயக்கம் கொண்ட என்றும், செருக்குற்ற என்றும் பொருள் உண்டு. விலாசம் என்பது விளையாட்டைக் குறிக்கும். நாடகத்தின் பெயரும் மன்னனின் விருதும் ஒன்றாக இருப்பது தற்செயலானதன்று. நாடகத்தின் உள்ளேயும் இவனது வேறு சில விருதுகள் சிலேடையாக வைக்கப்பட்டுள்ளன.

குடைவரைக் கோயில்கள்

விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் உள்ள குடைவரை இவனது ஆக்கங்களுள் புகழ்பெற்றது. செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றிப் பிரமன், சிவன், திருமால் ஆகிய மூவருக்கும் விசித்திரசித்தன் இக்கோயிலை அமைத்தான் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. அதுவரை கோயில்கள் இப்பொருள்களாலேயே கட்டப்பட்டன என்பதும், அவை காலத்தால் அழிந்துபட்டன என்பதும் இதனால் உணரப்படும். அழியும் பொருள்களை விலக்கித் தனிப்பாறையைத் தேர்ந்தது இம்மன்னனின் திட்டமிட்ட முடிவாகும்.

இவன் காலத்தவை எனக் கொள்ளப்படும் பிற குடைவரைகள்:

பல்லாவரம்
மாமண்டூர் - காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ளது
குரங்கணில்முட்டம்
மகேந்திரவாடி - மகேந்திர விஷ்ணுகிருகம்
தளவானூர் - சத்துருமல்லேசுவரம்
சீயமங்கலம் - அவனிபாசன பல்லவேசுவரம்
வல்லம் - சிற்றரசன் ஒருவனின் மகன் கந்தசேனன் அமைத்தது
திருச்சிராப்பள்ளி - இலளிதாங்குர பல்லவேசுவர கிருகம்

இக்கோயில்களின் அமைப்பு எளிமையானது. முன்னால் தடித்த தூண்கள் நிற்கும் மண்டபமும், பின்னால் சிறு கருவறையும் இருக்கும். தூண்கள் மேலும் கீழும் சதுரமாகவும், நடுவில் எட்டுப் பட்டையாகவும் அமைந்திருக்கும். வாயிலின் இருபுறமும் பெரிய வாயிற்காவலர் உருவங்கள் காணப்படும். மகேந்திரவாடியில் கோயிலோடு மகேந்திர தடாகம் என்னும் ஏரியும் இவன் பெயரால் அமைந்தது. இது இவன் நீர்ப்பாசனத்திலும் கருத்துச் செலுத்தியமைக்குச் சான்றாகும்.

திருச்சிராப்பள்ளிக் குடைவரையின் கல்வெட்டுச் செய்யுள்கள் கவிநயம் உடையவை. நதிகளை விரும்பும் சிவன் காவிரியைக் கண்டு மயங்கிவிடுவானோ என்று அஞ்சிய உமை, தன் தந்தையின் மலையைவிட்டு வந்து இக்குன்றிலேயே தங்கினாள் என்றும், காவிரி பல்லவனுக்கு உரியவள் என்று அவள் நினைவூட்டுகிறாள் என்றும் ஒரு செய்யுள் கற்பனை செய்கிறது. சோழரின் ஆற்றைத் தனதாக்கிக்கொண்ட அரசியல் செய்தி இங்கே நகைச்சுவையாகவே சொல்லப்படுகிறது.

மத்தவிலாசப் பிரகசனம்

பிரகசனம் என்பது சமசுகிருத நாடக வகைகளுள் நகைச்சுவைக்கு உரியது. போலித் துறவிகளும் கீழ்மக்களும் அதில் பாத்திரங்களாக வருவர். இன்று கிடைக்கும் பிரகசனங்களுள் மத்தவிலாசம் மிகப் பழையவற்றுள் ஒன்றாகும். ஆசிரியன் பெயர் சிம்மவிஷ்ணுவர்மனின் மகன் மகேந்திரவிக்கிரமவர்மன் என்று நாடகத்தின் முன்னுரையிலேயே கூறப்படுகிறது. மாமண்டூர்க் குடைவரையின் சிதைந்த கல்வெட்டும் இந்நாடகத்தின் பெயரைக் குறிப்பிடுகிறது.

நாடகத்தின் கதை ஒரே நாளில், காஞ்சிபுரத் தெருவில் நிகழ்கிறது. சத்தியசோமன் என்னும் காபாலிகத் துறவியும் அவன் துணைவி தேவசோமையும் குடிபோதையில் வருகின்றனர். காபாலிகர் மண்டையோட்டைப் பிச்சைப் பாத்திரமாகக் கொண்டு, மதுவும் ஊனும் விலக்காத சைவப் பிரிவினர் ஆவர். போதையில் சத்தியசோமன் துணைவியின் பெயரை மாற்றி அழைத்துவிட, வேறொரு பெண்ணை நினைத்து அழைத்ததாக அவள் ஐயுறுகிறாள். அவளை ஆற்றுவதற்காக அவன் இனிக் குடிப்பதில்லை என்று உறுதி கூற முற்படுகிறான். தன் பொருட்டு நோன்பைக் கைவிட வேண்டாம் என்று அவளே தடுத்துவிடுகிறாள். இடையில் சமணக் கொள்கையை எள்ளிப் பேசிய அவன், அப்பேச்சால் கெட்ட வாயைக் கழுவுவதற்கே மது வேண்டும் என்கிறான். இருவரும் மதுக்கடைக்குச் செல்கின்றனர்.

கடையில் மது பிச்சையாக இடப்படும்போதுதான் மண்டையோடு காணாமல் போனது தெரிகிறது. பசுவின் கொம்பில் மதுவை வாங்கிக்கொண்ட சத்தியசோமன், ஓட்டில் பொரித்த இறைச்சி இருந்ததால் நாயோ பௌத்தத் துறவியோ எடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்கிறான். அவ்வேளையில் நாகசேனன் என்னும் பௌத்தத் துறவி, வணிகன் வீட்டு விருந்தில் பெற்ற மீனும் ஊனும் நிறைந்த பாத்திரத்தை ஆடைக்குள் மறைத்தபடி மடத்துக்குத் திரும்புகிறான். இத்தனை வசதிகளைத் தந்த புத்தர் மதுவையும் மகளிரையும் மட்டும் விலக்கியிருப்பாரா என்பது அவன் ஐயம். மூலநூலில் இருந்த அந்த இசைவை முதிய துறவிகள் பொறாமையால் மறைத்துவிட்டனர் என்று அவன் எண்ணுகிறான்.

மறைத்த பாத்திரமே மண்டையோடு என்று காபாலிகன் வழக்கிடுகிறான். தேவசோமை நீட்டும் மதுவைக் கண்டு நாகசேனனுக்கு வாய் ஊறுகிறது. ஊரார் பார்ப்பார்களே என்ற அச்சத்தால் மறுக்கிறான். வழக்கைத் தீர்க்க வரும் பாசுபதத் துறவி பப்ருகல்பனுக்கு, ஒரு பெண்ணின் பொருட்டு நாகசேனன் மேல் முன்பகை உண்டு. ஆகவே அவன் நடுநிலையாளன் அல்லன். நீதிமன்றத்துக்குச் செல்லலாம் என்று பேச்சு எழும்போது, மடத்தின் செல்வம் உடையவன் பொருளால் நீதிபதிகளின் வாயை அடைத்துவிடுவான் என்று தேவசோமை கூறுகிறாள்.

இறுதியில் பித்தன் ஒருவன் ஒரு நாயிடமிருந்து பறித்த மண்டையோட்டுடன் வருகிறான். ஓடு உரியவனிடம் சேர்கிறது. காபாலிகன் நாகசேனனிடம் பொறுத்தருள வேண்டுகிறான். பகை மறந்து அனைவரும் நட்போடு பிரிகின்றனர்.

மதுக்கடைக் காட்சி

நாடகத்தின் புகழ்பெற்ற பகுதி மதுக்கடை வருணனையாகும். கடையைக் கண்ட காபாலிகன் அதை வேள்விச் சாலைக்கு ஒப்பிடுகிறான். கடையின் அடையாளக் கம்பம் வேள்வித் தூணாகிறது. மது சோமச்சாறு ஆகிறது. குடிப்போர் வேள்வி வேட்போர் ஆகின்றனர். வறுத்த ஊன் ஆகுதியாகிறது. குடிமயக்கப் பிதற்றல் மந்திரமாகவும், அங்கே எழும் பாடல் சாமகானமாகவும் ஆகின்றன. குடிப்பவரின் வேட்கையே தீ. கடைக்காரனே வேள்வித் தலைவன். இவ்வொப்புமை கடையை மேலுயர்த்துகிறதா, வேள்வியைக் கீழிறக்குகிறதா என்பதைக் காண்போர் முடிவுக்கே ஆசிரியன் விட்டுவிடுகிறான்.

பல்லவர் தம்மை அந்தண மரபில் வந்தவர் என்றும், வேள்விகள் வேட்டவர் என்றும் செப்பேடுகளில் கூறிக்கொண்டனர். அம்மரபில் வந்த அரசன் ஒருவனே இந்த ஒப்புமையை எழுதினான் என்பது கருதத்தக்கது.

காஞ்சி வட்டாரத்தின் மது

மதுக்கடைக் காட்சி வெறும் கற்பனை அன்று. அக்கடையில் விற்கப்பட்டது சுரா. தானியங்களைப் புளிக்கவைத்து எடுக்கும் மதுவையே அச்சொல் பொதுவாகக் குறித்தது. தொண்டை நாட்டில் இத்தகைய மது வடிக்கும் முறைக்குப் பழைய சான்று உண்டு. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, வலைஞர் குடியிருப்பில் மது ஆக்கப்பட்ட வகையை விவரிக்கிறது. தீட்டாத அரிசியைக் கூழாகக் காய்ச்சி, அகன்ற தட்டில் ஆறவிட்டு, இடித்த நெல்முளையைக் கலந்து, சாடியில் இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்துப் பின்னர் வடித்தனர். முளைவிட்ட தானியம் மாவுப்பொருளைச் சர்க்கரையாக்க, அது புளித்து மதுவாகிறது. இன்றும் பார்லியிலிருந்து பியர் வடிக்கும் தொழிலின் அடிப்படை இதுவே. பனங்கள்ளும் தேனில் வடித்த தேறலும் பழந்தமிழ் நூல்களில் மிகுதியாகப் பேசப்படுகின்றன.

கொடிமுந்திரி மது இக்கடற்கரைக்குக் கடல்வழி வந்த பண்டம் ஆகும். கொடிமுந்திரி வெயிலோடு குளிர்ச்சியும் பொருந்திய நிலநடுக்கடல் நாடுகளின் சரிவுகளில் செழித்தது. அங்கே வடித்த மதுவை யவன வணிகர் கூர்ங்குடங்களில் அடைத்துக் கொண்டுவந்தனர். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வில் இக்குடங்களின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. கிரேக்கத்தின் கோஸ் தீவு மதுவுக்குரிய குடவகையும் அவற்றுள் அடங்கும். யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டிய மன்னன் பொற்கலத்தில் பருகிய செய்தி புறநானூற்றில் உள்ளது. ஆக, அயல்நாட்டு மது அரசருக்கு உரிய அரும்பொருளாகவும், உள்ளூர் மது எளியோரின் பானமாகவும் இருந்தன. மகேந்திரவர்மன் அரண்மனைப் பொற்கலத்தை விட்டுத் தெருவோரக் கடையையே தன் நாடகத்துக்குக் களமாகத் தேர்ந்தான்.

அங்கதத்தின் இலக்கு

நாடகத்தில் நகைப்புக்கு ஆளாகாத தரப்பு எதுவும் இல்லை. காபாலிகனும் பாசுபதனும் சைவர். நாகசேனன் பௌத்தன். சமணத் துறவி எவரும் மேடைக்கு வருவதில்லை எனினும் சமணக் கொள்கை எள்ளப்படுகிறது. வேள்வியும் ஒப்புமையால் தொடப்படுகிறது. நீதிமன்றம் கையூட்டுக்கு இடம் தருவது என்ற குற்றச்சாட்டோ மன்னனின் ஆட்சியையே சுடுவது. அரசனே எழுதிய நாடகத்தில், அரசனின் நீதிபதிகளைப் பிச்சை எடுத்து வாழும் பெண் ஒருத்தி குறை கூறுகிறாள்.

எனினும் எந்தச் சமயத்தின் கடவுளும் இகழப்படவில்லை. கொண்ட கோலத்துக்கும் நடக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளியே நகைப்பின் இலக்காகிறது. வெளிப்படையாகக் குடிக்கும் காபாலிகனைவிட, குடிக்க விரும்பியும் ஊருக்கு அஞ்சும் துறவி கூடுதலாக நகைக்கப்படுகிறான். சமயப் பூசல் மிகுந்திருந்த காலத்தில், பூசலிட்டவர்களை நண்பர்களாகப் பிரியவைத்து நாடகம் முடிகிறது.

சமயம்

மகேந்திரவர்மனைப் பற்றிப் பரவலாக அறியப்பட்ட செய்தி, இவன் சமணனாக இருந்து திருநாவுக்கரசரால் சைவனானான் என்பதாகும். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம் இதற்கு முதன்மை ஆதாரம். சமணத்தைவிட்டுச் சைவத்துக்குத் திரும்பிய திருநாவுக்கரசரைப் பல்லவ மன்னன் நீற்றறையில் இடச் செய்தான், நஞ்சு ஊட்டச் செய்தான், யானையை ஏவினான், கல்லோடு கட்டிக் கடலில் எறியச் செய்தான் என்றும், அவர் யாவற்றிலிருந்தும் தப்பியதைக் கண்டு தானும் சைவனானான் என்றும் அந்நூல் கூறுகிறது. பின்னர் பாடலிபுரத்துச் சமணப் பள்ளியை இடித்து, அப்பொருள்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் என்னும் கோயிலை எடுத்தான் என்பதும் அதில் உள்ளது.

பெரியபுராணம் அம்மன்னனின் இயற்பெயரைக் கூறவில்லை. குணபரன் என்பது மகேந்திரவர்மனின் விருது ஆதலால் அவனே இவன் என்று கொள்ளப்பட்டது. திருச்சிராப்பள்ளிக் கல்வெட்டின் ஒரு செய்யுள், இலிங்கத்தை வழிபடும் குணபரன் வழியாக மாற்று நெறியிலிருந்து திரும்பிய அறிவு உலகில் பரவட்டும் என்ற பொருளில் அமைந்துள்ளது. மதமாற்றத்துக்கு இது சான்று என்பர் பலர். தருக்க நூலின் கலைச்சொற்களை வைத்து ஆக்கிய சிலேடையே அது என்பர் சிலர்.

துறவியைத் துன்புறுத்தியவனாகப் புராணம் காட்டும் மன்னனும், எல்லாச் சமயத்தாரையும் ஒரே தெருவில் நிறுத்தி நகைத்த நாடக ஆசிரியனும் ஒருவன்தானா என்ற வினா இதனால் எழுகிறது. புராணம் மன்னனுக்கு ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் பிற்பட்டது. நாடகமும் மண்டகப்பட்டுக் கல்வெட்டும் மன்னனின் காலத்தவை. மும்மூர்த்திகளுக்கும் ஒரே கோயிலை எடுத்ததும், தான் சிவனை வணங்கியும் மகேந்திரவாடியில் திருமாலுக்குக் கோயில் அமைத்ததும், சைவத் துறவியையே குடிகாரனாகப் படைத்ததும் சமகாலச் சான்றுகள் தரும் செய்திகள். மதமாற்றம் நிகழ்ந்திருப்பினும், அது இவனைப் பிற நெறிகளை வெறுப்பவனாக ஆக்கவில்லை என்பதையே இவை காட்டுகின்றன.

இசையும் ஓவியமும்

சித்திரகாரப்புலி என்னும் விருதால் இவன் ஓவியம் வல்லவன் எனக் கருதப்படுகிறான். சித்தன்னவாசல் ஓவியங்கள் இவன் காலத்தவை என்று முன்பு எழுதப்பட்டது. அங்குள்ள கல்வெட்டு, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் அக்குடைவரையைப் புதுப்பித்ததைக் கூறுவதால் அக்கருத்து கைவிடப்பட்டது. ஓவியங்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கொள்ளப்படுகின்றன.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் உள்ள இசைக் கல்வெட்டும் இவனுடையது என்று நீண்டகாலம் நம்பப்பட்டது. உருத்திராசாரியரின் மாணவனும் சிவபக்தனுமான அரசன் ஒருவன் அதை ஆக்கியதாகக் கல்வெட்டு கூறுகிறதே அன்றி, அவன் பெயரைத் தரவில்லை. எழுத்தமைதியைக் கொண்டு பின்வந்த ஆய்வாளர் பலர் மகேந்திரவர்மனின் உரிமையை ஏற்பதில்லை. பகவதஜ்ஜுகம் என்னும் மற்றொரு நகைச்சுவை நாடகத்தின் பெயரும் மாமண்டூர்க் கல்வெட்டில் காணப்படுவதால், அதையும் இவன் எழுதியிருக்கலாம் என்ற கருத்து உண்டு. சுவடி மரபு அதைப் போதாயனர் என்பவருக்கு உரியதாக்குகிறது.

மறைவும் பின்னர் நிகழ்ந்தவையும்

மகேந்திரவர்மன் கி.பி. 630ஐ ஒட்டி மறைந்தான் எனக் கொள்ளப்படுகிறது. கல்கி எழுதிய சிவகாமியின் சபதம் என்னும் வரலாற்றுப் புதினத்தில் இவன் முதன்மைப் பாத்திரங்களுள் ஒருவனாக வருகிறான். போர்க்காயத்தின் விளைவாக இவன் மறைவதாகப் புதினம் காட்டுவது கற்பனையாகும். இவனுக்குப்பின் அரசனான நரசிம்மவர்மன் புலிகேசியை வென்று, கி.பி. 642ஐ ஒட்டி வாதாபியைக் கைப்பற்றினான்.

மத்தவிலாசம் தமிழகத்தில் வழக்கொழிந்து போயிற்று. கேரளத்தில் அது பிழைத்தது. அங்கே கூடியாட்ட மரபைச் சேர்ந்த சாக்கியார்கள் அதைக் கோயில்களில் நடித்துவந்தனர். மகப்பேறு வேண்டுவோர் நேர்ந்துகொள்ளும் சடங்காகவும் அது நிகழ்த்தப்பட்டது. குடித்துத் தள்ளாடிய காபாலிகன் அம்மரபில் வழிபாட்டுக்குரிய தூய உருவமாக மாறினான். நாடகச் சுவடியை 1917இல் த. கணபதி சாஸ்திரி திருவனந்தபுரம் சமசுகிருத நூல்வரிசையில் பதிப்பித்தார். அதன் பின்னரே நாடக ஆசிரியனும் கல்வெட்டுகளில் காணப்பட்ட பல்லவ மன்னனும் ஒருவரே என்பது அறிஞருலகில் நிலைபெற்றது. பின்னர் நாடகம் ஆங்கிலம் உள்ளிட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டது.

காஞ்சிபுரத்தில் மகேந்திரவர்மன் வாழ்ந்த அரண்மனையோ, அன்றைய கோட்டை மதிலோ இன்று இல்லை. செங்கல்லும் மரமும் அழியும் என்று அறிந்து இவன் குடைவித்த பாறைகள் நிலைத்துள்ளன. ஏழாம் நூற்றாண்டுக் காஞ்சியின் தெருவில் எளிய மக்கள் எப்படிப் பேசினர், எதற்காகச் சண்டையிட்டனர், எதைக் குடித்தனர் என்பதை அறிய இவனது சிறு நாடகம் ஓர் அரிய வாயிலாக விளங்குகிறது.